துரை வீட்டின் பின்வாசல்

மார்கழி நெருங்க நெருங்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலை அலுவலகங்களில் விடுமுறைப் பேச்சு சூடுபிடித்துவிடும். வேறு ஊர்களிலும் இப்பேச்சு உண்டு என்றாலும் இங்கே அதற்கு ஒரு தனிச் சுவை இருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய நாள் முதலாகக் கொரியர்கள் இப்பகுதியில் புழங்கி வருகிறார்கள். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது; 2012இல் டைம்லர் ஆலை திறக்கப்பட்டது. ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்று பனி பெய்யும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் நம்முடைய தேநீர் இடைவேளைகளில் கலந்துகொண்டார்கள். குளிர்காலம் என்றால் மரத்தாலான ஒரு பழைய மலைவீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, பகலில் பனிச்சறுக்கு, இரவில் கணப்பருகே பேச்சு என்று கழிப்பதே அவர்களில் பலர் அறிந்த விடுமுறை. அந்த வீட்டுக்கு 'ஷாலே' என்று பெயர். கைப்பேசியில் காட்டுவார்கள். கூரைமேல் ஒரு முழப் பனி, சன்னலில் மஞ்சள் விளக்கு, 'முந்நூறு ஆண்டுப் பழமையானது' என்ற குறிப்பு.

நம்மவர்க்குச் சறுக்கப் பனி இல்லை. குல்மார்க்குக்கும் ஔலிக்கும் போய்வருகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் அதற்கு ஈடாகக் கண்டுகொண்டது நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வால்பாறையிலும் இருக்கிற பழைய பங்களாக்களை. ஆறேழு நண்பர்களோ, இரண்டு மூன்று குடும்பங்களோ சேர்ந்து வெள்ளைக்காரர் காலத்துத் தோட்ட பங்களா ஒன்றை மூன்று நாட்களுக்கு எடுக்கிறார்கள். அங்கும் கணப்பு இருக்கிறது. அங்கும் 'நூற்றிருபது ஆண்டுப் பழமையானது' என்ற குறிப்பு இருக்கிறது. சாதாரண விடுதி அறைக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு வாடகையை முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். நல்ல படுக்கையும் வெந்நீரும் புது விடுதியிலும் கிடைக்கும். ஆகவே கூடுதலாகக் கொடுக்கும் பணம் படுக்கைக்கும் வெந்நீருக்குமானதல்ல. அது பழமைக்கான விலை. அப்படியானால் எந்தப் பழமைக்கு என்ற கேள்வியை எழுப்ப வாடகைக்காரருக்கு உரிமை இருக்கிறது. கடமையும் இருக்கிறது என்பது என் கருத்து. அதைத்தான் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஷாலேயின் கதையைப் பார்ப்போம். அது ஆதியில் மாடு மேய்ப்பவனின் குடில். ஆல்ப்ஸ் மலை நாட்டில் கோடை பிறந்ததும் ஊரிலிருந்து மாடுகளை உயரத்துப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வார்கள். மூன்று நான்கு மாதம் அங்கேயே தங்கிப் பால் கறந்து, கொப்பரையில் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்வார்கள். அதற்கென்று எழுப்பப்பட்ட மரவீடுதான் ஷாலே. பனி விழத் தொடங்கியதும் மாடுகளோடு கீழே இறங்கிவிடுவார்கள். அதாவது, இன்று குளிர்கால விடுமுறையின் அடையாளமாக விளங்கும் அந்த வீட்டில் பழங்காலத்தில் குளிர்காலத்தில் ஆளே இருந்ததில்லை. 1761இல் வெளிவந்த ரூசோவின் 'ஜூலி' நாவல் அந்தச் சொல்லை ஐரோப்பிய வாசகர்களிடம் பரப்பியது. 1880இல் வெளிவந்த யோஹன்னா ஸ்பைரியின் 'ஹைடி' அந்தக் குடிலை உலகெங்கும் குழந்தைகளின் கனவாக்கியது. செயின்ட் மோரிட்ஸ் ஊரின் விடுதிக்காரர் யோஹன்னஸ் பாட்ரூட் 1864இல் தம்மிடம் கோடையில் தங்கிய ஆங்கிலேயர் சிலரிடம், குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது என்று பந்தயம் கட்டினாராம். குளிர்காலச் சுற்றுலா அங்கிருந்துதான் தொடங்கியது என்று அவ்வூரார் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேயிலிருந்து பனிச்சறுக்கு ஆல்ப்ஸுக்கு வந்து சேர்ந்தது. மேய்ப்பனின் குடில் மெல்லமெல்ல வசதி படைத்தவரின் விடுமுறை இல்லமாயிற்று.

இதிலும் இழப்பு இல்லாமல் இல்லை. விடுமுறைக்காரர்கள் வாங்கிப் போட்டு ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே தங்கும் வீடுகள் பெருகியதால் உள்ளூர் இளைஞர்க்கு வீடு கிடைக்காமல் போனது. அந்த வீடுகளைச் சுவிட்சர்லாந்தில் 'குளிர்ந்த படுக்கைகள்' என்று அழைக்கிறார்கள். 2012 மார்ச்சில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில், ஓர் ஊரில் இத்தகைய இரண்டாம் வீடுகள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் முடிவாயிற்று. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஷாலேயில் தங்குகிறவர் தெரிந்தோ தெரியாமலோ ஓர் உழைப்பாளியின் வீட்டில்தான் தங்குகிறார். கறுத்துப்போன உத்திரம், பால் கொப்பரை தொங்கிய இரும்புக் கை, கீழ்த்தளத்தில் மாடு கட்டிய இடம் என்று வீட்டின் உடலிலேயே அந்த உழைப்பு பதிந்திருக்கிறது. விளம்பரத்திலும் அதையே பெருமையாகச் சொல்கிறார்கள்.

நம் மலைகளில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பங்களா என்ற சொல்லும் பிறப்பில் எளியதே. வங்காளத்து உழவனின் தாழ்ந்த கூரை வீட்டைக் குறித்த சொல் அது. கம்பெனிக்காரர்கள் அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டு, தாழ்வாரம் சேர்த்து, அறைகளை அகலப்படுத்தி, கடைசியில் அதிகாரியின் இல்லம் என்ற பொருளில் நாடெங்கும் கொண்டு சேர்த்தார்கள். எனவே நம் மலைகளை வந்தடைந்தபோது அது குடிசையல்ல, துரையின் வீடு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் கட்டிய 'ஸ்டோன் ஹவுஸ்' உதகையின் முதல் ஐரோப்பிய வீடு. அது இன்று அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து எழுந்தவை கவர்னர்களின், படை அதிகாரிகளின், பின்னர் தோட்டத்துரைமார்களின் வீடுகள். இம்மலைகளில் மாடு மேய்த்தவர்களின் வீடும் தேயிலை பறித்தவர்களின் வீடும் விடுமுறை இல்லமாகவில்லை. அவற்றில் பலவும் நினைவாகக்கூட மிஞ்சவில்லை.

*

ஒரு பழைய புத்தகத்தைப் போல ஒரு பழைய வீட்டையும் வாசிக்க முடியும். தோட்ட பங்களா அப்படி வாசிக்கத் தகுந்த பிரதி. அது எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் ஒரு குன்றின் முகட்டில், நாலாபுறமும் சரிவுகள் தெரியும்படி நிற்கும். முன்தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலி போட்டு அமர்ந்து அந்தக் காட்சியைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம். துரைக்கு அது காட்சி மட்டுமல்ல, கண்காணிப்பும்கூட. எந்தச் சரிவில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எந்த நிரை பின்தங்குகிறது என்று அங்கிருந்தே பார்க்க முடிந்தது. தொழிலாளர் லயங்கள் தாழ்ந்த சரிவிலோ பள்ளத்திலோ இருந்தன. மேலே இருப்பவர் கீழே பார்க்கலாம். கீழே இருப்பவருக்கு மேலே ஒரு விளக்கு தெரியும்.

அடுத்தது சமையலறை. பழைய பங்களாக்களில் குசினி வீட்டோடு ஒட்டியிருக்காது. பின்புறம் தனிக்கட்டடமாக நின்று, கூரையிட்ட ஒரு நடைபாதையால் வீட்டோடு இணைந்திருக்கும். புகை, வெக்கை, தீ விபத்து அச்சம் என்று இதற்குக் காரணங்கள் சொல்லப்படும், அவை உண்மைதான். சமைப்பவர்களும் புகையோடு சேர்த்தே அந்தத் தொலைவில் வைக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. மலைக்காற்றில் ஆறிவிடாமல் சூப்பைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் நடை அந்தப் பாதையில்தான் தேய்ந்தது.

மூன்றாவது, நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது, குளியலறையின் பின்கதவு. இன்று வாடகைக்கு விடப்படும் பழைய வீடுகள் சிலவற்றில் அது அடைக்கப்பட்டோ, அலமாரியால் மறைக்கப்பட்டோ இருக்கும். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குள் நுழைய ஒரு கதவு இருக்கும்போது, வெளியிலிருந்து நேரே உள்ளே வர இன்னொரு சிறு கதவு எதற்கு? தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் வருவதற்கு முந்தைய காலத்துக் கதவு அது. வெந்நீர்த் தவலையைச் சுமந்து வந்தவரும், கழிகலத்தை எடுத்துச் சென்ற தோட்டியும், வீட்டின் வேறெந்தப் பகுதியிலும் கால் வைக்காமல், யார் கண்ணிலும் படாமல் வந்து போவதற்காக வைத்த வழி. சாதியும் காலனியமும் கைகோத்துக் கட்டிய கதவு என்று அதைச் சொல்லலாம். நூற்றாண்டுப் பழமைக்கு வாடகை கொடுக்கும்போது அந்தக் கதவுக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். ஆனால் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அதைக் காட்டுவதில்லை.

சொற்களும் இவ்வாறே. பெரியதுரை, சின்னதுரை, துரைசாணி ஆகிய சொற்களைத் தோட்டத்து மக்கள் உருவாக்கிக்கொண்டார்கள். அச்சமும் மரியாதையும், சில வேளைகளில் மறைவான கேலியும் கலந்த சொற்கள் அவை. வால்பாறையில் இன்று விருந்தினர் தங்கும் தோட்ட வீடொன்றின் பெயரே 'சின்னதுரை பங்களா' என்பதுதான். உதவி மேலாளருக்குத் தொழிலாளர் வைத்த பெயர் தங்குமிடத்தின் பெயராகி நிலைத்திருக்கிறது. அந்தச் சொல் லயத்தில் பிறந்தது; பங்களாவில் வாழ்கிறது.

லயம் என்பது என்ன? ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள், அறைக்கொரு குடும்பம். முன்னால் ஒடுங்கிய திண்ணை. இலங்கை மலையகத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது லயத்து அறையின் அளவாகப் பலகாலம் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. துரை வீட்டுக் குளியலறையோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறேன். இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தரும் பொறுப்பை முதலாளிமீது சுமத்தியது. அதன்பின் நிலைமை ஓரளவு மாறியது. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை போனால் வீடும் போகும்.

*

லயத்தின் வரலாற்றைப் பாதுகாத்தது கட்டடக்கலை அல்ல, இலக்கியம்தான். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இல்லையென்றால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் கடந்து தேயிலைக் காட்டுக்குப் போன ஒரு பெண்ணின் வாழ்வு நம் வாசகப் பரப்புக்குள் அவ்வளவு முன்னதாக வந்திருக்காது. சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் அந்த மண்ணிலேயே நின்று எழுதினார்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தமிழுக்கு வந்தது. 2013இல் வெளியான 'பரதேசி' திரைப்படம் அதன் தழுவல் என்பதால் நூலைப் படிக்காதவர்க்கும் கதை ஓரளவு தெரிந்திருக்கும்.

அத்தமிழ்த் தலைப்பைப் பற்றி ஒரு சொல். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளி வெள்ளை விரித்ததுபோல் கிடக்கும். பனி பார்க்கப் போகிறவர்க்கு நம் மாநிலத்தில் கிடைக்கக்கூடியது அதுவே. கார்க் கண்ணாடிமேல் விரலால் பெயர் எழுதுவார்கள். அதே உறைபனி தேயிலைக் கொழுந்தின் உள்ளிருக்கும் நீரை உறையவைத்துத் திசுவைச் சிதைத்துவிடும். வெயில் ஏறியதும் இலை தீயில் வாட்டியதுபோல் கருகிப் பழுப்பாகும். இளஞ்செடிகளைக் காப்பாற்றக் கோத்தகிரி மிலாறு என்னும் செடியை வெட்டி வந்து மேலே மூடிவைப்பார்கள். பனி நிஜமாகவே எரிக்கும் என்பது அம்மக்களின் அன்றாட அறிவு. கருகிய கொழுந்து சிறு விவசாயியின் வருமானத்தை எடுத்துக்கொண்டு போகும். விருந்தினர் காணும் பனியும் தோட்டக்காரர் காணும் பனியும் ஒன்றல்ல. இரண்டையும் அறிந்திருப்பவருக்கு அந்த விடியல் இன்னும் ஆழமானதாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். குற்றவுணர்ச்சி கொள்ளும்படி யாரையும் நான் கேட்கவில்லை.

இங்கே எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வாடகை வருவதால்தான் இந்த வீடுகள் நிற்கின்றன. இல்லையென்றால் கூரை சரிந்து, மழை புகுந்து, என்றோ மண்ணாகியிருக்கும் என்பார்கள். சரிதான். உதகையிலும் குன்னூரிலும் இடித்துத் தள்ளப்பட்டு அடுக்கு விடுதிகளான பழைய வீடுகளைப் பார்த்தவர்கள் இதை மறுக்க முடியாது. அந்த வீடுகளில் இன்று சமைப்பவரும் தோட்டம் பார்ப்பவரும் வழிகாட்டுபவரும் பெரும்பாலும் அதே மலையின் மக்கள் என்பார்கள். அதுவும் சரி. தேயிலை விலை சரிந்து கிடக்கும் காலத்தில் அந்தச் சம்பளம் சிறிய விஷயமல்ல. மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: ஆண்டு முழுக்க இலக்கும் கெடுவுமாக அல்லாடிவிட்டு மூன்று நாள் ஓய்வுக்குப் போகிறவன் தலையில் எதற்காக இருநூறு ஆண்டுத் துயரத்தை ஏற்றிவைக்க வேண்டும்?

என் பதில் எளியது. வரலாற்றை அவன் தலையில் ஏற்றியது நான் அல்ல. அதை ஒரு பண்டமாக்கி விலை போட்டு விற்றது விளம்பரம். புகைப்படச் சட்டங்களில் துரைமார் இருக்கிறார்கள். வேட்டையாடிய காட்டெருமையின் தலை சுவரில் இருக்கிறது. எந்தத் துரை எந்த ஆண்டு வந்தார், எந்தக் கிளப்பில் உறுப்பினர், எந்த இனத்து நாயை வளர்த்தார் என்ற தகவல் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. வரலாறு வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம். வேண்டும் என்றால் பாதி மட்டும் போதாது. பாதி வரலாற்றை முழு விலைக்கு வாங்குவது வாடகைக்காரருக்கே நட்டம்.

*

இது பழங்கதையல்ல என்பதற்கு மாஞ்சோலை சாட்சி. அம்பாசமுத்திரத்துக்கு மேலே, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது பாம்பே பர்மா வர்த்தகக் கழகம். குத்தகை 2028இல் முடிகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அந்த ஊர்ப்பெயர்களே ஒரு கவிதைபோல் இருக்கும். அங்கே நான்கைந்து தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களின் போராட்டத்தை ஒட்டித்தான் 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் நடந்தது. காவல்துறையின் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் மாண்டார்கள். 2024இல் தோட்டம் மூடப்பட்டது. விருப்ப ஓய்வு கொடுத்து, வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். அரசின் டான்டீ நிறுவனம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் காடு காடாக மீள வேண்டும் என்ற நியாயத்தை நான் புறக்கணிக்கவில்லை. ஆனால் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற வீட்டின் ஓர் ஓட்டைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் மலையிறங்கியவர்களின் வீடு மரபுச்சின்னமா இல்லையா என்று கேட்க ஒரு மன்றம்கூட நம்மிடம் இல்லை. தமிழ்நாட்டில் மரபுச்சின்னங்கள் ஆணையத்துக்கான சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. ஆனால் மரபுக் கட்டடம் என்றதும் கோட்டை, தேவாலயம், மாளிகை, பங்களா என்றுதான் நம் மனம் போகிறது. லயம் நினைவுக்கே வருவதில்லை.

ஒரகடத்துக்காரர்கள் இதைப் பற்றி ஏன் குறிப்பாகக் கவலைப்பட வேண்டும்? வேலையோடு கட்டப்பட்ட படுக்கை என்றால் என்ன என்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம் என்பதால்தான். விடியுமுன் நெடுஞ்சாலையில் வரிசையாக வரும் நிறுவனப் பேருந்துகளில் வருகிறவர்கள் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். பலரையும் அழைத்து வந்தவர் ஒரு ஒப்பந்தக்காரர். அறையை அவரே ஏற்பாடு செய்கிறார். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுக்கிற அறைகளும் உண்டு. சுவிட்சர்லாந்தில் குளிர்ந்த படுக்கைகள் என்றால் இங்கே சூடு ஆறாத படுக்கைகள். 2021 டிசம்பரில், விடுதி உணவால் உடல்நலம் கெட்டதை அடுத்து மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தபோதுதான் அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாடு கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. அது நிச்சயமாக ஒரு முன்னேற்றம்.

ஒப்பிடும்போது கவனம் வேண்டும். கங்காணியின் முன்பணக் கடனில் கட்டுண்ட கூலியும், விரும்பினால் அடுத்த வாரமே வேறு ஆலைக்குப் போகக்கூடிய இன்றைய இளம்பெண்ணும் ஒன்றல்ல. இன்று கைப்பேசி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, வேலைநிறுத்தம் செய்ய முடிகிறது. 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததையும் கண்டோம். ஆனால் ஒன்றில் மாற்றமில்லை. வேலை நிற்கும்போது இருந்ததற்கான தடம் யாருடையது மிஞ்சும் என்பதே அது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. எட்டாண்டுகள். அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கான பெண்கள் குடியிருந்த அறைகளைப் பற்றி ஒரு நாவல்கூட நம்மிடம் பேசப்படுவதில்லை. கட்டடத்துக்கு வேறு பெயர்ப்பலகை வந்துவிட்டது. நூறாண்டு கழித்து இந்த வட்டாரத்தின் பழமையை யாராவது வாடகைக்கு விட்டால், அது ஒரு நிர்வாக இயக்குநரின் விருந்தினர் மாளிகையாகத்தான் இருக்கும்.

*

குறை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது இத்தகைய கட்டுரைகளின் வழக்கமான குறை. செய்யக்கூடியவை இருக்கின்றன, செய்தும் காட்டியிருக்கிறார்கள். இலங்கையில் கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி 2007 முதல் நடத்துகிறார்கள். கூடை, கவ்வாத்துக் கத்தி, பெயர்ப் பதிவேடு, சமையல் பாத்திரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட் துறையை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக ஏற்றது. அங்கே மிஞ்சியிருப்பவை மாளிகைகளல்ல, கற்படிகளும் சில சுவர்களும்தான். நம் பக்கத்தில் இலங்கைக்குப் போன கூலிகளைத் தடுத்து நிறுத்திச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாம் இருக்கிறது. அதை அப்படி நினைவுகூரும் எண்ணம் இன்னும் நமக்கு வரவில்லை.

தோட்ட பங்களாவை வாடகைக்கு விடுகிறவர்களிடம் நான் வேண்டுவது மூன்று. ஒன்று, இருக்கும் லயங்களில் ஒரு வரிசையையாவது, ஒரே ஓர் அறையையாவது, இருந்தபடியே பாதுகாத்து விருந்தினர்க்குக் காட்டுங்கள். இரண்டு, துரைமார் படங்களுக்குப் பக்கத்தில் பழைய சம்பளப் பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் சட்டமிட்டு மாட்டுங்கள். அதில் இருக்கும் பெயர்களும் அந்த வீட்டின் முன்னோரே. மூன்று, கணப்பருகே இருக்கும் புத்தக அலமாரியில் பழைய ஆங்கில வேட்டை நூல்களோடு 'எரியும் பனிக்காடு', படுகர் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' ஆகியவற்றையும் வையுங்கள். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு வார இறுதி வாடகையைத் தாண்டாது. அதனால் விருந்தினர் ஓடிவிடுவார் என்றும் நான் நம்பவில்லை. வங்கி நிர்வாகியும் மென்பொருளாளரும் மாட்டுத் தொழுவத்தின் கதையைக் கேட்டுக்கொண்டே ஷாலேயில் மகிழ்ச்சியாகத் தங்குகிறார்கள்.

வாடகைக்கு எடுக்கும் நம்மவரிடம் வேண்டுவது அதைவிடக் குறைவு. முன்பதிவு செய்யும்போது வெந்நீர் உண்டா, கம்பியில்லா இணையம் உண்டா, நாயை அழைத்து வரலாமா என்றெல்லாம் கேட்கிறோம். அவற்றோடு இவற்றையும் கேட்போம்: இந்த வீட்டுக்குரிய லயம் எங்கே இருந்தது? இங்கே வேலை செய்தவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பலர் கேட்டால் விடை சொல்ல ஆள் ஏற்பாடாகும். சந்தையின் இயல்பு அது. மூன்றாவது கேள்விக்கு எங்கேயோ தொலைவில் விடை தேடவும் வேண்டாம். மலைத்தோட்டங்களில் வேலை குறையக் குறைய, இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைப் புறநகருக்கும் இறங்கி வந்துகொண்டேயிருக்கிறார்கள். நம்மோடு ஒரே பேருந்தில் வருகிறவர்களில், நாம் வாடகைக்கு எடுக்கப்போகும் வீட்டின் பின்வாசல் வழியாக வெந்நீர் சுமந்தவரின் பேத்தியும் இருக்கக்கூடும். போய்வந்த கதையை அவரிடம் சொல்வதற்கு முன், அவர் வீட்டுக் கதையை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நல்லது.